ஆசாரி மேல் பழி போடாதீர்கள்

"இந்தக் காலத்து ஆசாரிகளுக்கு வேலை தெரியாது" என்ற பேச்சு காரைக்குடியில் தினமும் காதில் விழுகிறது. சொல்கிறவர் உடனே ஒரு பழைய பர்மா தேக்குக் கதவைக் காட்டுவார். நானும் அப்படிச் சொன்னவன்தான். சொன்னது தப்பு.

மூன்று வருடத்துக்கு முன் புத்தக அலமாரி ஒன்று செய்யச் சொன்னேன். பிளைவுட் பலகைகளை இணைக்க மரப் பிஸ்கட் நூறு வேண்டும் என்றார் ஆசாரி. தின்கிற பிஸ்கட் இல்லை. பீச் மரத்தை அழுத்திச் செய்த நீள்வட்டச் சில்லு. 20-ஆம் நம்பர் என்றால் 56 மி.மீ. நீளம், 23 மி.மீ. அகலம், 4 மி.மீ. கனம். இரண்டு பலகையிலும் மெஷினால் பள்ளம் வெட்டி, பசை தடவி, பாதி இதிலும் பாதி அதிலுமாகச் செருக வேண்டும். பசையில் உள்ள தண்ணீரைக் குடித்துச் சில்லு உப்பும், பள்ளத்தை இறுக்கிக்கொள்ளும். 1950-களில் சுவிட்சர்லாந்தில் ஹெர்மன் ஸ்டெய்னர் என்ற தச்சர் கண்ட வழி இது. அவர் கம்பெனியின் பெயர் லாமெல்லோ. நான் படித்த பிரெஞ்சில் லாமெல் என்றால் மெல்லிய தகடு.

நூறு கேட்டவருக்கு ஆயிரம் வாங்கினேன். மலிவாம்! மிச்சத்தைத் திறந்த கவரோடு பரணில் போட்டேன். ஐப்பசி, கார்த்திகை மழை போனது. மார்கழியில் இன்னொரு அலமாரிக்கு அதே சில்லுகளை எடுத்துக் கொடுத்தேன். பள்ளத்தில் இறங்கவில்லை. கொட்டாப்புளியால் தட்டினார், பலகை விளிம்பு பிளந்தது. "ஐயா, சில்லு நமத்துப் போச்சு" என்றார். சாக்கு என்று நினைத்துக் கூலியில் 800 ரூபாய் பிடித்தேன்.

பிறகு வந்த வேறு ஆசாரி புதுப் பாக்கெட்டைப் பிரித்தார். அதே பள்ளத்தில் சில்லு விரலால் தள்ளவே இறங்கியது.

நம் வீட்டில் தேன்குழலை யாராவது திறந்து வைப்பார்களா? சம்படத்தில் போட்டு இறுக மூடுவோம். காசு கொடுத்து வாங்கிய சில்லுக்கு அந்த அக்கறை இல்லை. முன்பே உப்பிய சில்லு பள்ளத்துக்குள் போகாது. அடித்து இறக்கினாலும் அங்கே உப்பிப் பிடிக்க அதில் ஒன்றும் மிச்சமில்லை. காயவைத்தால் கொஞ்சம் இறங்கும், பழைய கனத்துக்கே வரும் என்று நம்பாதீர்கள்.

வேலைக்கு வேண்டிய அளவே வாங்குங்கள். சீல் வைத்த பாக்கெட்டாக இருக்கட்டும்; கடையில் திறந்து கிடக்கும் உதிரிச் சில்லு எத்தனை மழை கண்டதோ! மிச்சத்தை இறுக மூடும் டப்பாவில் வையுங்கள்; செருப்புப் பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தையும் உள்ளே போடுங்கள். பசை தடவுமுன் ஒன்றைச் செருகிப் பாருங்கள்.

"கழுந்தும் துளையும் இருக்க, இந்தச் சில்லு எதற்கு?" என்பார்கள். நிலைக்கும் கதவுக்கும் கழுந்துதான், மறுக்கவில்லை. 18 மி.மீ. பிளைவுட்டில் கழுந்துக்கு எங்கே இடம்? அந்தத் தேக்குக் கதவு நிற்பதற்கும் கைத்திறன் மட்டும் காரணமில்லை. மரத்தை நன்றாகக் காயவிட்டு வேலைக்குக் கொடுத்த வீட்டுக்காரரின் பொறுமையும் காரணம். நாம் ஈரத்தைக் கொடுத்துவிட்டு இறுக்கத்தைக் கேட்கிறோம்.

அந்த 800 ரூபாயைப் பொங்கலுக்கு முன் அவர் வீட்டிலேயே கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார், மோர் கொடுத்தார். ஆனால் என் வீட்டு வேலைக்கு இன்றுவரை வரவில்லை.