கத்தி காத்திருக்கட்டும்

பிறந்த குழந்தை ஆணா பெண்ணா என்று உறுப்பை வைத்து உறுதியாகச் சொல்ல முடியாதபோது, அறுவை சிகிச்சையால் ஏதோ ஒன்றாக ‘சரிசெய்துவிடுவது’ நெடுங்கால மருத்துவ வழக்கம். தமிழ்நாடு 2019இல் அதற்குத் தடை விதித்தது. அந்தத் தடை நாடு முழுமைக்கும் சட்டமாக வேண்டும்.

பாலின உணர்வு வளர்ப்பில் உருவாவது, ஆகவே உறுப்பை மாற்றி அதற்கேற்ப வளர்த்தால் போதும் என்ற கருத்தே இந்த வழக்கத்துக்கு வலுச்சேர்த்தது. அதை முன்வைத்தவர் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் பணியாற்றிய உளவியலாளர் ஜான் மணி. கனடாவில் 1965இல் பிறந்து, விருத்தசேதனத்தின்போது ஆணுறுப்பை இழந்த டேவிட் ரைமர், மணியின் ஆலோசனைப்படி பெண்ணாக வளர்க்கப்பட்டார். சோதனை வெற்றி என்று மணி அறிவித்தார். ரைமரோ, 14 வயதில் உண்மை தெரிந்ததும் ஆணாக வாழத் தொடங்கினார். 2004இல் தற்கொலை செய்துகொண்டார்.

அதற்காக எல்லாம் உடலின் கையில் என்றும் முடிவுகட்ட முடியாது. ஆண்ட்ரோஜன் என்ற ஆண் ஹார்மோனுக்கு உடல் அறவே எதிர்வினை காட்டாதவர்கள், ஆண்களுக்குரிய எக்ஸ்-ஒய் குரோமோசோம் இருந்தும் பெரும்பாலும் பெண்களாகவே தம்மை உணர்கிறார்கள். உடலும் வளர்ப்பும் ஒன்றையே சொல்லியும் வேறாக உணரும் திருநங்கையர், திருநம்பியர் நம்மிடையே இருக்கிறார்கள். இயற்கைக்கும் சமூகத்துக்கும் பங்குண்டு. எதற்கு எவ்வளவு என்பதைத் தொட்டில் குழந்தையைப் பார்த்து எந்த மருத்துவரும் கணிக்க முடியாது.

திருநங்கை ஒருவரின் திருமணப் பதிவு வழக்கில் 2019 ஏப்ரலில் தீர்ப்பளித்த சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன், இந்த அறுவை சிகிச்சைக்குப் பெற்றோர் தரும் சம்மதம் குழந்தையின் சம்மதமாகாது என்றார். அதைத் தொடர்ந்து, உயிருக்கு ஆபத்தான நிலை தவிர இத்தகைய அறுவை சிகிச்சை கூடாது என்று ஆகஸ்டில் அரசாணை வந்தது.

‘ஊர் கேட்டால் என்ன சொல்வது?’ என்ற பெற்றோரின் தவிப்பு உண்மையானது. ஆனால் பெயரையும் உடையையும் பள்ளிப் பதிவையும் பின்னர் மாற்றிக்கொள்ளலாம். வெட்டியதை மீட்க முடியாது. சிறுநீர் அடைப்புக்கோ, அட்ரினல் சுரப்பிக் குறைபாட்டால் உடலில் உப்பு குறைவதற்கோ உடனே சிகிச்சை வேண்டும். தோற்றத்துக்கான சிகிச்சைக்கு அந்த அவசரமில்லை.

மால்டா 2015லேயே இதைத் தடுக்கும் சட்டம் இயற்றிவிட்டது. நம் நாடாளுமன்றம் 2019இல் இயற்றிய திருநர் பாதுகாப்புச் சட்டத்திலோ இந்தத் தடை இல்லை. அதை உடனே சேர்க்க வேண்டும். தமிழ்நாடு அரசும் ஆணையோடு நின்றுவிடாமல், தனியார் மருத்துவமனைகளைக் கண்காணிப்பதோடு பிரசவ வார்டிலேயே பெற்றோருக்கு ஆலோசகரையும் அமர்த்த வேண்டும்.