நகத்தில் அச்சடிக்கும் பெண்கள்! தடுக்க வேண்டியது சாயத்தையா, விளக்கையா?

"சோறு பிசைகிற கைக்கு எதற்கடி இந்தச் சாயம்?"

பேத்தி நகத்துக்கு நிறம் தீட்ட உட்கார்ந்தால் போதும், பாட்டியிடமிருந்து இந்தக் கேள்வி வந்துவிடும். இப்போது பெண்கள் நிறம் தீட்டுவதோடு நிற்பதில்லை. பூ, இலை, மயில், கட்டம் என்று நகத்தின் மேல் அச்சடிக்கவும் கற்றுக்கொண்டு விட்டார்கள். பாட்டிக்குக் கோபம் இரண்டு மடங்கு!

கோபம் தேவையில்லை. இது ஒரு கைவேலை. கோலம் போடுவதற்கு எவ்வளவு நிதானம் வேண்டுமோ, அவ்வளவு நிதானம் இதற்கும் வேண்டும். பெண் பிள்ளைகள் வீட்டில் இருந்தபடியே இதைப் பழகட்டும். தடுக்க வேண்டியது வேறொன்று. அதைப் பெற்றோர் பலர் தடுப்பதில்லை. பிறந்த நாள் பரிசாகத் தாங்களே வாங்கிக் கொடுக்கிறார்கள்! அது என்ன என்பதைப் பிறகு பார்ப்போம்.

மருதாணித் தொப்பி

நகத்துக்கு நிறம் கொடுப்பது நமக்குப் புதிதா? ஆடி மாதம் வந்தால் மருதாணி இலையைப் பறித்து, கொட்டைப்பாக்கும் புளியும் சேர்த்து அரைத்து, பத்து விரலுக்கும் தொப்பி போட்டுக்கொண்டு படுத்தவர்தானே பாட்டி! காலையில் யார் கை அதிகம் சிவந்தது என்று பார்ப்பதில் வீட்டில் போட்டியே நடக்கும்.

மருதாணி இலையில் லாசோன் என்ற நிறப்பொருள் இருக்கிறது. தோலும் நகமும் கெரட்டின் என்ற புரதத்தால் ஆனவை. லாசோன் அந்தக் கெரட்டினோடு ஒட்டிக்கொள்கிறது. தோலில் பிடித்த சிவப்பு சில நாட்களில் போய்விடும். நகத்தில் பிடித்தது போகாது. நகம் வளர்ந்து, வெட்டி எறிந்தால்தான் உண்டு. கை நகம் மாதத்துக்குச் சுமார் 3 மில்லி மீட்டர்தான் வளரும். முழு நகமும் மாற 6 மாதம் ஆகும்.

கடைச் சாயம் அப்படி அல்ல. அது நகத்தின் மேல் படியும் ஒரு மெல்லிய தோல். தொழுகைக்கு முன் கை கழுவும்போது தண்ணீர் நகத்தில் பட வேண்டும் என்பதால், முஸ்லிம் பெண்கள் பலர் கடைச் சாயத்தை விட்டு மருதாணியையே விரும்புவதற்குக் காரணம் இதுதான்.

சினிமா பிலிமும் நகச் சாயமும்

இந்த மெல்லிய தோல் எதனால் ஆனது தெரியுமா? நைட்ரோ செல்லுலோஸ். பழைய சினிமா பிலிம் இதே பொருளில்தான் செய்யப்பட்டது. பஞ்சையோ மரக்கூழையோ அமிலத்தில் பக்குவப்படுத்தி இதைச் செய்கிறார்கள். எத்தில் அசிடேட், பியூட்டில் அசிடேட் போன்ற திரவங்களில் கரைத்து, நிறம் சேர்த்துப் பாட்டிலில் அடைக்கிறார்கள். நகத்தில் பூசியதும் திரவம் ஆவியாகிப் பறந்துவிடும். தோல் மட்டும் மிஞ்சும். மூக்கைத் துளைக்கிறதே வாசனை, அது பறந்து போகிற திரவத்தின் வாசனைதான்.

1932ல் அமெரிக்காவில் சார்லஸ் ரெவ்சன், அவருடைய சகோதரர் ஜோசப், ரசாயன நிபுணர் சார்லஸ் லாக்மன் ஆகிய மூவரும் சேர்ந்து ரெவ்லான் கம்பெனியைத் தொடங்கினார்கள். அவர்களுடைய முதல் சரக்கே நகச் சாயம்தான். அதற்கு முன்பு வந்த சாயங்கள் கண்ணாடி போல் இருந்தன. நகம் உள்ளே தெரியும். இவர்கள் நிறப்பொடியைக் கலந்து, நகத்தையே மறைக்கும் கெட்டிச் சாயத்தை விற்றார்கள். கம்பெனி எங்கேயோ போய்விட்டது!

அச்சு விழுவது எப்படி?

கைக்கடிகார முகப்பில் எண் அச்சிட ஒரு முறை உண்டு. உலோகத் தகட்டில் எண்ணைக் குழிவாக வெட்டுவார்கள். குழியில் மையை நிரப்பி, மேலே இருப்பதை வழித்து எடுப்பார்கள். மெத்தென்ற உருண்டை ஒன்றைத் தகட்டில் அழுத்தினால், குழியில் இருக்கும் மை உருண்டையில் ஒட்டும். அதைக் கொண்டுபோய் முகப்பில் அழுத்துவார்கள். நகத்தில் அச்சடிப்பதும் இதேதான். தென் கொரியாவின் கோனாட் கம்பெனி, கைக்கு அடக்கமான பெட்டியாக இதை விற்று உலகம் முழுவதும் பரப்பியது.

தகடு ஒன்று, வழிக்க ஒரு பிளாஸ்டிக் அட்டை, சிலிக்கன் ரப்பர் முத்திரை ஒன்று. இவ்வளவுதான் சாமான்.

புதிய தகட்டின் மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கும். அதை உரிக்காமல் அரை மணி நேரம் போராடிவிட்டு, "தகடு மோசம்!" என்று கடைக்காரரைத் திட்டுகிறவர்கள் உண்டு. முதலில் அதை உரியுங்கள்.

நகத்துக்கு முதலில் நிறமில்லாத அடிப்பூச்சு. இதை விட்டுவிட்டுச் சிவப்பைப் பூசினால் நகம் மஞ்சளாகிவிடும். பிறகு நிறம். கெட்டியாக ஒரு பூச்சு வேண்டாம், மெல்லியதாக இரண்டு. நன்றாகக் காய விடுங்கள்.

இனி அச்சு. மின்விசிறியை நிறுத்துங்கள்! பாதிப் பேர் தோற்பது இங்கேதான். நம் ஊர் வெயிலில், விசிறிக் காற்றும் சேர்ந்தால் தகட்டுச் சாயம் கண் மூடித் திறப்பதற்குள் காய்ந்துவிடும். குழியில் காய்ந்த சாயம் எப்படி வெளியே வரும்? தகட்டில் சாயத்தைத் தடவு, அட்டையைச் சாய்த்துப் பிடித்து ஒரே இழுப்பில் வழி, முத்திரையை வை, எடு, நகத்தில் வை. எல்லாம் சில விநாடிகளில் நடக்க வேண்டும். முத்திரையை ஓங்கிக் குத்தக் கூடாது. நகத்தின் ஒரு பக்கத்தில் தொடங்கி மறு பக்கம் வரை உருட்ட வேண்டும். தகட்டை வழிக்க இரும்புத் தகடு கூடாது, கீறல் விழும். சிலிக்கன் முத்திரையைத் துடைக்கச் சாயம் அழிக்கும் திரவம் கூடாது, ரப்பர் கெடும். ஒட்டும் டேப்பில் ஒற்றி எடுத்தால் போதும்.

முதல் நாள் பத்து அச்சில் ஒன்று விழும். மனம் தளர வேண்டாம். முதல் நாள் போட்ட கோலம் மட்டும் நேராகவா வந்தது?

தகடு வாங்கப் பணம் இல்லையா? பாதகமில்லை. ஊக்கின் தலையால் புள்ளி வைக்கலாம். பாலிதீன் தாளில் சாயத்தால் பூ வரைந்து, காய்ந்ததும் உரித்து நகத்தில் ஒட்டலாம். பழைய செய்தித்தாளைக்கூட விடவில்லை பெண்கள்! வெளிர்நிறம் பூசிக் காய்ந்த நகத்தைச் சாராய ஸ்பிரிட்டில் நனைத்து, தாள் துண்டை வைத்து அழுத்தினால் எழுத்து நகத்தில் இறங்கும். ஆனால் கண்ணாடியில் பார்ப்பது போல் இடம் வலம் மாறித்தான் விழும். தகட்டு அச்சில் அந்தத் தொல்லை இல்லை. முத்திரையில் ஒரு முறை மாறி, நகத்தில் மறுமுறை மாறி, நேராகிவிடுகிறது.

இப்படிச் சோதனை செய்து பார்க்கும் பெண்ணை "வேலையற்றவள்" என்று சொல்வது நியாயமா? ஏன் காய்ந்தது, ஏன் ஒட்டவில்லை, எது எதைக் கரைக்கிறது என்று அவள் தானே கண்டுபிடிக்கிறாள். பள்ளிக்கூட ரசாயனப் பாடத்தில் தூங்கியவளாகவும் இருக்கலாம்!

ஆபத்து இங்கே இருக்கிறது

இனி அந்தப் பிறந்த நாள் பரிசு. ஜெல் சாயப் பெட்டி!

ஒரு பாட்டில், ஒரு குட்டி விளக்கு. பூசி, விளக்கின் அடியில் விரலை வைத்தால் ஒரு நிமிஷத்தில் கல் போல் இறுகும். இரண்டு வாரம் அசையாது. பார்க்க அழகு. சாதாரணச் சாயத்துக்கு இது அண்ணன் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். இல்லை. இது வேறு சாதிச் சரக்கு.

இதில் எதுவும் ஆவியாகிப் போவதில்லை. ஹேமா முதலிய அக்ரிலேட் பொருள்கள் புற ஊதா ஒளி பட்டு, ஒன்றோடொன்று பிணைந்து பிளாஸ்டிக் ஆகின்றன. முழுவதும் இறுகிவிட்டால் தொல்லை குறைவு. விளக்கு பொருத்தமில்லாமல் இருந்தாலோ, பூச்சு தடிப்பாக இருந்தாலோ அடியில் இறுகாமல் தங்கும். அது தோலில் பட்டால் ஒவ்வாமை உண்டாகலாம். விரல் நுனி அரிக்கும், வெடிக்கும். நகம் சதையை விட்டுக் கழன்று போவதும் உண்டு. கண் இமையில் தடிப்பு வரும். நகச் சாயத்தால் வந்தது என்று யாருக்கும் தோன்றாது.

சாயத்தை நிறுத்திவிட்டால் போய்விடுமா? தடிப்பு போகும். ஒவ்வாமை போகாது. பெரும்பாலும் ஆயுள் முழுவதும் கூடவே வரும். பல் அடைப்பதற்கும், சர்க்கரை நோயாளி உடம்பில் ஒட்டிக்கொள்ளும் அளவுமானி ஒட்டுவதற்கும் இதே இனப் பொருள்கள் பயன்படுகின்றன. பதினைந்து வயதில் நகத்துக்காக வாங்கிய ஒவ்வாமை, ஐம்பது வயதில் பல் டாக்டர் நாற்காலியில் வந்து நிற்கும்!

2018ல் பிரிட்டனின் தோல் டாக்டர்கள் சங்கம் இதைப் பற்றி எச்சரித்தது. அங்கு ஒவ்வாமைச் சோதனைக்கு வந்தவர்களில் 2.4 சதவீதம் பேருக்கு அக்ரிலேட் இனப் பொருள் ஒத்துக்கொள்ளவில்லை. 2020ல் ஐரோப்பிய யூனியன் போட்ட உத்தரவின்படி, ஹேமா கலந்த நகச் சரக்கைத் தொழில் தெரிந்தவர்கள்தான் கையாள வேண்டும். ஜெல்லை இறுகச் செய்யும் டி.பி.ஓ. என்ற பொருளை 2025 செப்டம்பர் 1 முதல் அங்கு அடியோடு தடுத்துவிட்டார்கள்.

விளக்கைப் பற்றியும் பேச்சு உண்டு. 2023ல் கலிபோர்னியா விஞ்ஞானிகள், இந்த விளக்கின் ஒளியால் உயிரணுக்கள் சேதமாவதைக் கண்டார்கள். ஆனால் அது கண்ணாடித் தட்டில் வளர்த்த உயிரணு. மனித விரல் அல்ல. விளக்கைவிட, இறுகாத பசைதான் கூடுதல் பயம்.

சலூனில் தொழில் தெரிந்தவர் செய்தால் அவர் பொறுப்பு. வீட்டில் பன்னிரண்டு வயதுப் பெண் தங்கையின் விரலில் பூசி விளையாடினால் யார் பொறுப்பு? அந்தப் பெட்டியை வாங்காதீர்கள். வாங்கியிருந்தால் குழந்தைகள் கையில் கொடுக்காதீர்கள். அதே பணத்தில் நாலு பாட்டில் சாதாரணச் சாயமும் ஒரு தகடும் வரும்.

அடுப்புப் பக்கம் போகாதே

சாதாரணச் சாயத்துக்கும் ஒரு பயம் உண்டு. தீ! பழைய பிலிம் பற்றி எரிந்த கதை தெரியும் அல்லவா? சாயமும் சரி, அழிக்கும் அசிட்டோனும் சரி, எளிதில் பற்றிக்கொள்ளும். அவற்றின் ஆவியே தீயைப் பிடிக்கும். சமையல் அறை வேண்டாம். சாமி விளக்குக்குப் பக்கத்திலும் வேண்டாம். ஜன்னல் ஓரத்தில் உட்காருங்கள். அழித்த பஞ்சை அடுப்பங்கரைக் குப்பையில் போடாதீர்கள். நகம் கடிக்கும் குழந்தைக்குச் சாயமே கூடாது.

ஆஸ்பத்திரிக்குப் போகும்போது அழித்துவிட்டுப் போங்கள். இரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று பார்க்க விரலில் ஒரு கிளிப் மாட்டுவார்களே, கொரோனாக் காலத்தில் வீட்டுக்கு வீடு வாங்கினார்களே, அது நகத்தின் வழியே ஒளியைச் செலுத்தித்தான் கணக்குப் பார்க்கிறது. கருப்பு, நீலம் போன்ற அடர்த்தியான சாயம் அந்தக் கணக்கைக் குழப்பக்கூடும். பிரசவத்துக்குப் புறப்படும் பெண்ணின் பையில் துணிமணியோடு சாயம் அழிக்கும் பாட்டிலையும் கொஞ்சம் பஞ்சையும் வைத்து அனுப்புங்கள்.