எட்டு ஜோக்கும் ஒரு காலிபிளவரும்

எங்கள் ஊர்ப் பெயர் பேரிகை. ஓசூர்ப் பக்கம், கர்நாடக எல்லையை ஒட்டினாற்போல் இருக்கிறது. பேரிகை என்றால் பெரிய முரசு என்று பள்ளிக்கூடத்தில் தமிழய்யா சொல்லிக் கொடுத்தது இன்னும் ஞாபகம் இருக்கிறது. முரசை ஒரு தடவை ஓங்கிக் கொட்டினால் ஊரே திரும்பிப் பார்க்கும். ஓயாமல் கொட்டிக்கொண்டே இருந்தால்? காது பழகிவிடும், நாம் பாட்டுக்கு அரிசி களைந்துகொண்டிருப்போம். இந்தச் சின்ன விஷயம் விளங்க என் இளைய மகளுக்கு ஒரு தோல்வியும், எனக்கு மூளையைப் பற்றி ஒரு பாடமும் தேவைப்பட்டது. அதைத்தான் இந்த இதழில் சொல்லப் போகிறேன்.

சின்னவளுக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்தே நடிப்பு என்றால் உயிர். வீட்டுக்கு வந்து போகிறவர்கள் தெருமுனை தாண்டுவதற்குள் அவர்களைப் போலவே நடந்து காட்டுவாள். பி.காம். முடித்தாள். ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலைக்குச் சொல்லி வைத்திருந்தார் என் வீட்டுக்காரர். அந்த நேரம் பார்த்து, சென்னையில் ஒரு படத்துக்குக் காமெடி வேஷத்தில் நடிக்கப் புதுப் பெண் தேடுகிறார்கள் என்று சேதி வந்தது. இப்போது இதை ‘ஆடிஷன்’ என்கிறார்கள். அந்தக் காலத்தில் மேக்கப் டெஸ்ட் என்பார்களே, கிட்டத்தட்ட அதுதான்.

என் அண்ணனைத் துணைக்கு அனுப்பினேன். கொடுத்தது இரண்டே நிமிஷம். இவள் எட்டு ஜோக் தயார் செய்துகொண்டு போயிருந்தாள். மூச்சு விடாமல் எட்டையும் கொட்டினாளாம். மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த மூன்று பேரில் ஒருவர் மட்டும் முதல் ஜோக்குக்குச் சிரித்தாராம். அப்புறம் அவரும் பேனாவைத் திருகிக்கொண்டிருந்தாராம். “சரிம்மா, சொல்லி அனுப்பறோம்.” அவ்வளவுதான்.

ராத்திரி பஸ்ஸில் திரும்பி வந்தவள், காலையில் நான் வைத்த காபியைத் தொடவில்லை. இவர் சட்டையை மாட்டிக்கொண்டே சொன்னார்: “இன்னும் ஒரே தடவை போய்ப் பார்க்கட்டும். அதுலயும் இல்லேன்னா வேலையில சேர்ந்துடணும். இதுக்கு மேல என்னைக் கேக்காதீங்க.”

அவர் சொன்னதிலும் தப்பில்லை. எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒருவராவது ஷிப்ட் பஸ் ஏறுகிறவர்கள்தான். அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை. ஆனால் பெண்ணின் முகத்தைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை, பெங்களூரில் மனோதத்துவம் படிக்கிற என் அண்ணன் மகள் வந்திருந்தாள். நான் இட்லி ஊற்றிக்கொண்டிருந்தேன். விஷயத்தைக் கேட்டுவிட்டு என்னிடம் ஒரு கேள்வி போட்டாள்.

“அத்தை, ‘சூடான இட்லிக்குத் தொட்டுக்க’ன்னு நான் ஆரம்பிச்சா, உங்க மனசுல அடுத்து என்ன வருது?”

“சட்னி.”

“நான் ‘செருப்பு’ன்னு முடிச்சா?”

“சீ, என்னடி இது!” என்றேன்.

“அந்த ‘சீ’க்கு முந்தி உங்க மூளை ஒரு துள்ளு துள்ளிடுச்சு அத்தை” என்றாள்.

1980-ல் அமெரிக்காவில், சான் டியாகோவிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் மார்த்தா குட்டாஸ், ஸ்டீவன் ஹில்யார்ட் என்ற இருவர் இதைச் சோதித்துப் பார்த்தார்களாம். தலையில் மின்கம்பிகளை ஒட்டி, வாக்கியங்களை ஒவ்வொரு சொல்லாகக் காட்டியிருக்கிறார்கள். கடைசிச் சொல் பொருத்தமில்லாமல் வந்தால், அது வந்து சுமார் 400 மில்லி செகண்டில், அதாவது அரை செகண்டு ஆவதற்குள், மூளையின் மின் அலையில் தனியாக ஒரு மாற்றம் தெரிந்ததாம். நம் மூளை சும்மா கேட்டுக்கொண்டிருப்பதில்லை. அடுத்து இதுதான் வரும் என்று முன்கூட்டியே ஊகித்துக்கொண்டே இருக்கிறது. ஊகம் பொய்த்தால் சட்டென்று விழித்துக்கொள்கிறது.

“சரி, ஆனா செருப்புக்கு எனக்குச் சிரிப்பு வரலையே” என்றேன்.

“அங்கதான் சூட்சுமம். திடுக்குன்னு இருந்தா மட்டும் பத்தாது. அடுத்த நிமிஷமே ‘அட, ஆமாம், சரிதானே!’ன்னு ஒரு வழியில பொருந்திடணும். அப்பதான் சிரிப்பு வரும்.”

2003-ல் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் சிலரை ஸ்கேன் கருவிக்குள் படுக்க வைத்துச் சிரிப்புப் படங்களைக் காட்டினார்களாம். பரிசு கிடைத்தால் மகிழ்கிற மூளைப் பகுதி எதுவோ, அதுவே ஜோக் புரிந்தபோதும் சுறுசுறுப்பானதாம். அப்படியானால், நம்மைச் சிரிக்க வைக்கிறவர் நம் மூளைக்கு ஒரு சின்னப் பரிசு கொடுக்கிறார். கொடுத்தவரை மறப்போமா? மூளைக்குள் உணர்ச்சியைக் கவனிக்கிற அமிக்டலா என்ற பாதாம்பருப்பு வடிவப் பகுதியும், நினைவைச் சேர்த்து வைக்கிற ஹிப்போகாம்பஸும் அடுத்தடுத்து இருக்கின்றன. மனசைத் தொட்டது நினைவில் தங்க அந்த அக்கம்பக்க உறவும் ஒரு காரணம்.

சின்னவள் இதுவரை வாயே திறக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள். “அப்ப என் எட்டு ஜோக்கும் அவங்க ஞாபகத்துல நின்னிருக்கணுமே அண்ணி?” என்றாள் கோபமாக.

அதற்கும் பதில் இருந்தது. 1994-ல் ஸ்டீபன் ஷ்மிட் என்பவர், வேடிக்கையான வாக்கியங்களையும் சாதாரண வாக்கியங்களையும் கலந்து கொடுத்துப் பார்த்தார். வேடிக்கையானவைதான் அதிகம் நினைவில் நின்றன. அவற்றை மட்டுமே தனிப் பட்டியலாகக் கொடுத்தபோது அந்தச் சலுகை போய்விட்டது! எல்லாமே வேடிக்கை என்றால் எதுவும் வேடிக்கை இல்லை. நான் முதலில் சொன்ன முரசுக் கதைதான். எல்லாக் கறியிலும் ஒரே அளவு காரம் போட்டால் எந்தக் கறி நாக்கில் நிற்கும், சொல்லுங்கள்!

அப்போது எனக்குக் கூத்து ஞாபகம் வந்தது. எங்கள் கிருஷ்ணகிரிப் பக்கம் பாரதக் கூத்து விடிய விடிய நடக்கும். சின்ன வயசில் என் பாட்டி மடியில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். அத்தனை ராஜாக்களும் பாடிய பாட்டில் ஒன்றுகூட இன்று நினைவில்லை. ஆனால் கட்டியக்காரன் செய்த ஒன்று மட்டும் அப்படியே இருக்கிறது. துரியோதனன் கர்ஜித்துக்கொண்டிருந்தான். எல்லாரும் மூச்சடங்கி உட்கார்ந்திருந்தோம். கட்டியக்காரன் முன்வரிசையில் தூங்கிப்போன ஒரு குழந்தையைப் பார்த்தான். உதட்டில் விரலை வைத்து, துரியோதனனிடம், “மெதுவா, மகாராஜா தூங்கறார்” என்றான். அவ்வளவுதான். கூட்டம் குலுங்கியது; துரியோதனன் வேஷக்காரருக்கே உதடு துடித்தது. கட்டியக்காரன் அன்றைக்கு இன்னும் எத்தனையோ சொல்லியிருப்பான். நின்றது, பயத்துக்கு நடுவில் வந்த அந்த ஒன்றுதான்.

நம் நாகேஷ் கதையும் அப்படித்தானே? ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்தவர். ஒரு நாடகத்தில் அவருக்குக் கிடைத்தது வயிற்றுவலிக்காரன் என்ற துளி வேஷம். தலைமை வகித்த எம்.ஜி.ஆர். அந்தத் துளி வேஷத்தைப் பாராட்டிப் பரிசு கொடுத்தார். வயிற்றுவலி வந்தவன் எப்படி நெளிவான் என்பது எல்லாருக்கும் தெரிந்த நிஜம். அந்த நிஜத்தை உடம்பால் ஒரு படி கூட்டிக் காட்டினார், ஊர் சிரித்தது.

1964-ல் வந்த ஸ்ரீதரின் ‘காதலிக்க நேரமில்லை’யில், நாகேஷ் பாலையாவுக்குப் பேய்ப்படக் கதை சொல்கிற காட்சியை யாரால் மறக்க முடியும்? அதில் பாதிச் சிரிப்பு கதை சொல்கிறவரால். மீதி, அதைக் கேட்டு நடுங்குகிற பாலையாவின் முகத்தால். பாலையா அங்கே ஜோக் எதுவும் சொல்லவில்லை. உண்மையாகப் பயந்தார், அவ்வளவுதான். சிரிப்பு என்பதே கூட்டுறவு விவகாரம். ராபர்ட் ப்ரொவைன் என்ற அமெரிக்க விஞ்ஞானி, தனியாக இருப்பதைவிட நாலு பேரோடு இருக்கும்போது நாம் சுமார் 30 மடங்கு அதிகம் சிரிக்கிறோம் என்று கண்டார். பெரும்பாலும் சிரிப்பு வருவது ஜோக்குக்கே அல்ல, சாதாரணப் பேச்சுக்குத்தான் என்றும் சொன்னார். ஆகவே எதிரில் இருப்பவரைப் பார்க்காமல் ஒப்பிக்கிறவரால் சிரிக்க வைக்க முடியாது.

எட்டு ஜோக்கையும் ஓரம் கட்டினோம். “உனக்குத் தெரிஞ்ச ஒரு பொம்பளையை மட்டும் செஞ்சு காட்டு” என்றேன். யோசித்தாள். எங்கள் பக்கம் ரோஜாத் தோட்டம் ஏராளம். பிப்ரவரி 14 வந்தால் இங்கிருந்து வெளிநாட்டுக்கெல்லாம் ரோஜா போகும். அந்தப் பூக்களைக் கட்டுக் கட்டாக அடுக்குகிற ஒரு பெண்ணை எடுத்துக்கொண்டாள். கை முள்ளில் கிழிந்திருக்கிறது. எந்த ஊர்க்காரனோ எவளுக்கோ கொடுக்கப் போகிற பூவை எண்ணிக்கொண்டே, போனில் புருஷனிடம், “வரும்போது ஒரே ஒரு பூ வாங்கிட்டு வாங்க” என்று கெஞ்சுகிறாள். ஒன்றரை நிமிஷம் சிரிப்பே கிடையாது. புருஷன் வருகிறான். இவள் கண்ணை மூடிக் கையை நீட்டுகிறாள். கனமாக எதுவோ விழுகிறது. கண்ணைத் திறந்தால், காலிபிளவர்!

நான் அடுப்பை அணைத்துவிட்டு வந்து சிரித்தேன். பூதானே கேட்டாள்? அதுவும் பூதானே! ‘அட, சரிதானே’ என்று அண்ணன் மகள் சொன்னது அப்படியே பொருந்தியது. ஆனால் சின்னவள் அதோடு விடவில்லை. காலிபிளவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அதில் ஒரு சின்ன இலையைக் கிள்ளித் தலையில் செருகிக்கொண்டு, நேராக நின்றாள். வசனம் இல்லை. எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. “இங்கயே முடிச்சுடு. இதுக்கு மேல ஒரு வார்த்தை பேசாதே” என்றேன்.

வேஷம் தயார். பயத்துக்கு என்ன செய்வது? போகிற நாளுக்கு முந்தின நாள் சின்னவளுக்கு வயிற்றைப் பிசைந்தது, கை சில்லிட்டது. “பயப்படாதே, பயப்படாதே” என்று நான் சொல்லச் சொல்ல அதிகமாயிற்று. அண்ணன் மகள் போனில் என்னைக் கண்டித்தாள். 2014-ல் ஹார்வர்டில் ஆலிசன் வுட் புரூக்ஸ் என்பவர் செய்த ஆராய்ச்சியில், பாடவோ பேசவோ போகும் முன் ‘எனக்கு உற்சாகமா இருக்கு’ என்று தங்களுக்கே சொல்லிக்கொண்டவர்கள், ‘நான் அமைதியா இருக்கேன்’ என்று சொல்லிக்கொண்டவர்களைவிட நன்றாகச் செய்தார்களாம். பயத்திலும் நெஞ்சு படபடக்கிறது, குதூகலத்திலும் படபடக்கிறது. படபடப்பை அடக்குவது கஷ்டம். அதற்குப் பெயரை மாற்றி வைப்பது சுலபம். சின்னவளும் “ஜாலியா இருக்கு, ஜாலியா இருக்கு” என்று சொல்லிக்கொண்டே வளைய வந்தாள். முதலில் அழுகைக் குரலில்தான்! போகப் போகச் சரியாயிற்று.

இன்னொன்றில் நான் கண்டிப்பாக இருந்தேன். ராத்திரி பஸ் வேண்டாம் என்று, முந்தின நாள் பகலிலேயே அனுப்பிவிட்டேன். பாடம் செய்ததை மூளை உறுதியாக்கிக்கொள்வது தூக்கத்தில்தான். கண் விழித்து ஒத்திகை பார்த்துவிட்டுப் போனால், வசனம் தொண்டை வரை வந்து நின்றுவிடும். காலையில் இரண்டு இட்லி போதும். எண்ணெய்ப் பலகாரம் வேண்டாம் என்றும் சொல்லி அனுப்பினேன். பையில் துணி சுற்றி ஒரு காலிபிளவரும் போயிற்று. பஸ்ஸில் பக்கத்து சீட்டு அம்மாள், “சென்னையில கிடைக்காதா?” என்று கேட்டாளாம்!

இந்தத் தடவையும் “சொல்லி அனுப்பறோம்” என்றுதான் சொன்னார்கள். ஒரு வாரம் போயிற்று. இன்னும் இரண்டு நாள். இவர் வாய் திறக்கவில்லை. ஆனால் வேலைக்கு வேண்டிய சர்டிபிகேட்டுகளை எடுத்து மேஜை மேல் வைத்துவிட்டார். மறுநாள் மத்தியானம் போன் வந்தது. நான்தான் எடுத்தேன்.

“அந்தக் காலிபிளவர் பொண்ணு வீடுதானே?” என்றது குரல்.

பெயர் அவர்களுக்கு நினைவில்லை. எத்தனையோ பேரைப் பார்த்தவர்கள், பாவம். பெயர் போனாலும் காலிபிளவர் நின்றுவிட்டது.

பெரிய வேஷம் ஒன்றும் இல்லை. இரண்டே காட்சி, மூன்று நாள் வேலை. கதாநாயகியின் பக்கத்து வீட்டுப் பெண். இவர் அந்தச் சர்டிபிகேட்டுகளை எடுத்து மறுபடி பீரோவில் வைத்தார். “ஆறு மாசம் பார்க்கலாம்” என்றார். கிழித்துப் போடவில்லை, கவனியுங்கள்! எனக்கும் அதுதான் நியாயமாகப் பட்டது.

சினிமாவுக்குப் போகாத பிள்ளைகளுக்கும் இது உதவும், சகோதரிகளே. பள்ளிக்கூட ஆண்டு விழாவோ, வேலைக்கான இன்டர்வியூவோ, தெரிந்த எல்லாவற்றையும் கொட்டச் சொல்லாதீர்கள். நிஜமாகத் தெரிந்த ஒன்றை எடுக்கட்டும். எதிரில் இருப்பவர் ஊகிக்கிற வழியிலேயே கொஞ்ச தூரம் கூட்டிக்கொண்டு போகட்டும். ஒரே ஒரு இடத்தில் திரும்பட்டும். திரும்பின இடத்திலேயே நிறுத்தட்டும். முந்தின ராத்திரி நன்றாகத் தூங்கட்டும்.

போன் வந்த அன்று சாயங்காலம் எங்கள் வீட்டில் காலிபிளவர் பொரியல். இவர் இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். மல்லிகைப்பூதான் இன்னும் வாங்கி வந்தபாடில்லை!