குடித்தவன் செய்ததற்கு யார் பொறுப்பு?

"ஏதோ போதையில செஞ்சுட்டான், விட்டுடுங்க" என்று யாராவது சொன்னால் கேட்பவருக்குப் பாதிக் கோபம் இறங்கிவிடும். பழைய கிரேக்கத்தில், கி.மு. 6-ம் நூற்றாண்டில் மிட்டிலீன் நகரை ஆண்ட பிட்டகஸிடம் இந்தப் பேச்சு எடுபட்டிருக்காது. குடித்துவிட்டுக் குற்றம் செய்தால் தண்டனை அதிகம் என்று சட்டம் போட்டவர் அவர்!

இத்தனைக்கும் கிரேக்கர்கள் மதுவை வெறுத்தவர்கள் அல்ல. தண்ணீர் கலந்து குடிப்பார்கள். கலக்காமல் குடிப்பது காட்டுமிராண்டிப் பழக்கம் என்பது அவர்கள் எண்ணம்.

பிளேட்டோவின் 'சட்டங்கள்' நூலில் பேசும் ஏதென்ஸ்காரர் இன்னும் ஒரு படி மேலே போகிறார். 18 வயது வரை தொடவே கூடாது, 30 வரை அளவோடு, 40 தாண்டினால் விருந்தில் மதுவை அனுபவிக்கலாம். (விருந்தை நடத்துபவர் மட்டும் தெளிவாக இருக்க வேண்டுமாம். பாவம்!) மது அவருக்கு ஒரு பரீட்சை. ஒருவன் நேர்மையானவனா என்று ஒப்பந்தம் போட்டு, கைக்காசை இழந்து தெரிந்துகொள்வதைவிட, விருந்தில் நாலு கோப்பை கொடுத்துப் பார்ப்பது ஆபத்தில்லாத வழி. வணிகவியல் பாடப்புத்தகத்தில் வராத ஐடியா.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் போதையில் தெரிவதுதான் நிஜ முகம் என்று எப்படிச் சொல்வது? ஸ்டோயிக்குகளுக்குள்ளேயே இதில் சண்டை. அறம் ஒருமுறை கைகூடிவிட்டால் போகாது என்றார் கிளியாந்தஸ். அவருக்குப் பின் வந்த கிரிசிப்பஸோ, போதையில் அதுவும் போய்விடும் என்றார். கிரிசிப்பஸ் சொல்வது சரியென்றால் பிளேட்டோவின் பரீட்சை செல்லாது. தோற்றவன் முன்பே கெட்டவனா, குடித்ததால் கெட்டவனா என்று யாருக்குத் தெரியும்?

அப்படியானால் மன்னித்துவிடலாமா? கூடாது என்கிறார் அரிஸ்டாட்டில். அவன் தெரியாமலே செய்திருக்கட்டும், அந்தத் தெரியாமைக்குக் காரணம் யார்? குடிக்காமல் இருப்பது அவன் கையில்தானே இருந்தது! இந்த வாதம்தான் மற்ற எல்லாவற்றையும்விட உறுதியானது. போதையில் இருந்தவன் நல்லவனா என்ற ஆராய்ச்சியே இதற்குத் தேவையில்லை. முதல் கோப்பையை எடுத்தபோது தெளிவாக இருந்தானே, அவனைப் பிடித்தால் போதும்.

ஒரு இடத்தில் மட்டும் இடிக்கிறது. ஆசை பழக்கமாகி, பழக்கம் குணமாகிவிட்டவனைப் பற்றியும் அரிஸ்டாட்டில் இதையேதான் சொல்கிறார். எறிந்த கல்லைத் திரும்பப் பிடிக்க முடியாதுதான், ஆனால் எறிந்தது நீதானே என்று. குடிக்கு அடிமையாவதை இன்று மருத்துவம் நோய் என்கிறது. அப்படிப்பட்டவனுக்கு எது முதல் கோப்பை? பத்து வருடம் முன்னால் நண்பர்களோடு எடுத்ததா, இன்று காலை கை நடுங்க எடுத்ததா? பிட்டகஸின் சட்டத்தில் இதற்குப் பதில் இல்லை.