கண்ணாடித் தொட்டியும் வாவியும்

புளியந்தீவு, மட்டக்களப்பு வாவி சூழ்ந்த சிறு தீவு. பாலங்களும் தாம்போதிகளுமே அதனை அயற்பகுதிகளோடு இணைக்கின்றன. நீரையும் மீனையும் நாள்தோறும் கண்டு பழகிய இவ்வூரிலும், வீட்டு விறாந்தையிற் கண்ணாடித் தொட்டி வைத்து அலங்கார மீன் வளர்க்கும் விருப்பம் எழுவது இயல்பே. அது சிறுவர்க்குப் பொறுப்பையும் உயிர்களிடத்து அன்பையும் ஊட்டும் நல்ல பழக்கம். ஆயினும், தொட்டிக்குள் எதனை இடுவது என்பதில் உள்ள அக்கறை, அதனின்று வெளியேறுவன எங்கே சென்று சேர்கின்றன என்பதிலும் இருத்தல் வேண்டும். வாவிக்கரையில் வாழ்வோர்க்கு இந்த இரண்டாவது கேள்வியே பெரிது.

முதன்முறையாக வளர்ப்போர்க்கு இரண்டடி நீளமும் ஓரடி அகலமும் ஓரடி உயரமும் உடைய தொட்டி ஏற்றது. இரண்டு அங்குலம் பருக்கைக் கல் பரப்பி, பத்து அங்குலம் வரை நிரப்பினால் ஏறக்குறைய 40 லீற்றர் நீர் கொள்ளும். கல்லும் கண்ணாடியும் சேர நிறை 60 கிலோவைக் கடக்குமாதலின் மேசை உறுதியாய் இருத்தல் இன்றியமையாதது. நேர்வெயில் படும் இடத்திற் பாசி மிகுமாதலின் அதனைத் தவிர்த்தல் நன்று. கடற்கரையிற் பொறுக்கிய சிப்பியும் முருகைக்கல்லும் கண்ணுக்கு அழகாயினும், அவற்றிலுள்ள சுண்ணாம்பு கரைந்து நீரை வன்னீராக்கும். நன்கு கழுவிய ஆற்றுப் பருக்கையே சிறந்தது.

குழாய்நீரிற் குளோரின் இருக்கும். அகன்ற வாயுள்ள பாத்திரத்தில் ஒரு நாள் முழுதும் திறந்து வைத்த பின்னரே அதனைப் பயன்படுத்தல் வேண்டும். கிணற்று நீராயின் உவர்ப்பு உண்டா என முதலிற் சுவைத்துப் பார்த்தல் தகும்.

தொட்டியை அமைத்த அன்றே மீனை நிறைப்பது பலர் செய்யும் பிழை. மீனின் கழிவிலிருந்து அமோனியா தோன்றுகிறது. அது மீனுக்கு நஞ்சு. ஒருவகைப் பற்றீரியாக்கள் அதனை நைத்திரைற்றாகவும், வேறு சில அதனைத் தீங்கு குறைந்த நைத்திரேற்றாகவும் மாற்றுகின்றன. இவை கல்லிலும் வடிகட்டியிலும் போதிய அளவு பெருக நான்கு முதல் ஆறு வாரங்கள் செல்லும். ஆதலின், முதலில் ஐதரில்லா போன்ற நீர்த்தாவரங்களை நட்டு, பின்னர் இரண்டு மூன்று மீன்களை மட்டும் விட்டு, வாரந்தோறும் நாலில் ஒரு பங்கு நீரை மாற்றிவருதல் வேண்டும். முடிவிலும் இத்தொட்டிக்கு எட்டு அல்லது பத்துச் சிறுமீன்களே போதும். உணவு இரண்டு நிமிடத்தில் உண்டு முடிக்கும் அளவே இடத்தக்கது. எஞ்சிய உணவு அழுகி நீரைக் கெடுக்கும்.

விலை மலிவும் உடல்வலிமையும் கருதிப் பலரும் கப்பி மீனையே முதலில் வாங்குவர். அது குஞ்சு ஈனும் இனம். ஒரு பெண்மீன் ஏறக்குறைய மாதம் ஒருமுறை பல குஞ்சுகளை ஈனும். சில மாதங்களில் தொட்டி நிறைந்துவிடும். அப்பொழுதுதான், "பாவம், வாவியில் விட்டால் பிழைத்துக்கொள்ளும்" என்ற எண்ணம் தோன்றுகிறது. கருணையாற் பிறந்த எண்ணமேயாயினும் அதன் விளைவு கருணையன்று.

வாவி நீர் உவரானது. நன்னீர் மீன் அதில் வாழாது எனச் சிலர் கூறலாம். வறண்ட காலத்திற்கு அது பல மீன்கள் அளவில் உண்மையே. ஆனால் வடகீழ்ப் பருவமழையின்போது ஆறுகளும் குளங்களும் பெருகி வாவியிற் சேர, உவர்ப்பு வெகுவாகக் குறைகிறது. கப்பியோ உவர்நீரையும் தாங்கவல்லது. மேலும், வாவியோடு தொடுத்த ஓடைகளும் வாய்க்கால்களும் நன்னீரையே கொண்டவை.

இத்தகைய கவனக்குறைவு நாட்டுக்கு விளைத்த துன்பம் சிறிதன்று. ஆற்றுவாழை அதன் ஊதாப்பூவின் அழகுக்காகவே இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டது. அதனை அடக்க 1909ஆம் ஆண்டிலேயே தனிச்சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று. இன்றும் அது ஒழிந்தபாடில்லை. சல்வீனியா 1939இல் தாவரவியல் கற்பித்தலின் பொருட்டுக் கொழும்புக்கு வந்தது. சில ஆண்டுகளில் அது நெல்வயல்களையும் வாய்க்கால்களையும் மூடிக் கமக்காரருக்குப் பெரும் பகையாயிற்று. அதனைத் தின்னும் சிறு வண்டினம் 1986இற் கொண்டுவரப்பட்ட பின்னரே ஓரளவு கட்டுப்பட்டது. ஒரு கைப்பிடிச் செடி ஒரு தலைமுறையின் உழைப்பைக் கேட்டது.

மீன்களிலும் இவ்வாறே. கண்ணாடியிற் படியும் பாசியைத் தின்பதற்கென வாங்கப்படும் 'டாங்க் கிளீனர்' மீன் விரலளவிற் கடையில் இருக்கும்; வளர்ந்தால் ஓரடிக்கும் மேற்படும். உடலெங்கும் கவசமுடைய அம்மீன் அழுக்கு நீரிலும் காற்றை விழுங்கி உயிர்வாழும். கரையைக் குடைந்து முட்டையிடும். அலங்காரத்துக்காக வந்த கத்திமீனும் ஏனைய மீன்களை இரையாக்கும் பெருமீன். இவ்விரண்டும் இலங்கையின் நன்னீர்நிலைகளில் ஏற்கெனவே பரவியுள்ளன. வாவியை நம்பி வலை வீசும் குடும்பங்களுக்கு இவற்றால் இழப்பேயன்றி ஆதாயமில்லை.

ஆகவே, தொட்டி வைப்போர் கைக்கொள்ளத்தக்க நெறி கடினமானதன்று. கப்பியை வளர்க்க விரும்புவோர் ஆண்மீன்களை மட்டும் வாங்கினாற் பெருக்கம் இராது. நிறமும் வாலழகும் ஆண்மீனுக்கே மிகுதி. மிகையான மீனை வேறு வளர்ப்போரிடமோ விற்பனையாளரிடமோ கொடுத்துவிடலாம். வெட்டிய செடிகளை வெயிலில் நன்கு உலர்த்திப் பசளைக் குழியில் இடலாம். மாற்றிய நீரை வடிகானில் ஊற்றாது, தென்னைக்கோ கத்தரிக்கோ பாய்ச்சலாம். அதிலுள்ள நைத்திரேற்று பயிருக்கு உணவாகும்.

நாற்பது லீற்றர் நீரை ஆளுவோர் அதில் நேர்ந்த பிழையை ஒரு மணி நேரத்தில் திருத்திக்கொள்ளலாம். வாவியில் நேர்ந்த பிழையைத் திருத்த எவராலும் இயலாது. தொட்டியிற் பிறந்தது தொட்டியோடு நிற்கப் பார்த்துக்கொள்வதே புளியந்தீவின் மீன்வளர்ப்போர் தம் வாவிக்குச் செய்யும் கடமையாகும்.