தெரிவு இல்லாதவர்களின் கணினி

தகவல் முறைமைகள் பற்றிய சர்வதேச மாநாடு ஆண்டுதோறும் டிசெம்பர் மாதத்தில் கூடுகிறது. 1980இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் தொடங்கிய இம்மாநாடு, 2023இல் முதன்முறையாக இந்திய மண்ணில், ஐதராபாத்தில் நடைபெற்றது. கணினியை எவ்வாறு உருவாக்குவது என்பது இத்துறையின் முதன்மைக் கேள்வி அன்று. அலுவலகத்துக்குள்ளும் வைத்தியசாலைக்குள்ளும் வங்கிக்குள்ளும் கணினி நுழைந்த பின்னர் மனிதர்க்கும் அவர்தம் தொழிலுக்கும் என்ன நேர்கிறது என்பதே இதன் கேள்வி. அந்த வகையில் இம்மாநாடு நம் எல்லோருக்கும் உரியது.

முதலாவது மாநாட்டில் உரையாற்றிய பீற்றர் கீன், இத்துறை எந்தெந்தத் துறைகளை ஆதாரமாகக் கொள்வது, எதனை அளப்பது, முன்னவர் கண்டதன் மேல் பின்னவர் கட்டியெழுப்பும் மரபை எவ்வாறு உருவாக்குவது என்று வினவினார். அக்கேள்விகளுக்குப் பெரும் உழைப்புடன் விடை தேடப்பட்டது. 1989இல் பிரெட் டேவிஸ் முன்வைத்த தொழில்நுட்ப ஏற்பு மாதிரி அவற்றுள் புகழ்பெற்றது. ஒரு கருவி பயனுள்ளது, எளிதானது என்று மனிதர் கருதினால் அதனை ஏற்பர் என்பது அதன் சாரம். அதனைப் பின்பற்றி எழுந்த கட்டுரைகளுக்குக் கணக்கில்லை.

ஆனால், ஏற்பதா விடுவதா என்ற தெரிவே இல்லாதவரின் நிலை என்ன?

பிரித்தானியத் தபால் நிலையங்களில் 1999 முதல் நிறுவப்பட்ட ஹொரைசன் என்னும் கணக்கு முறைமையை நினைத்துப் பாருங்கள். கணினி காட்டிய பற்றாக்குறையை உப தபாலதிபர்கள் தம் கைப்பணத்தால் ஈடுசெய்ய வேண்டியிருந்தது. 900க்கும் அதிகமானோர் குற்றவாளிகளாகத் தீர்க்கப்பட்டனர்; சிலர் சிறை சென்றனர். கணினி சரியாகவே இயங்கியிருக்கும் என்று சட்டம் முற்கொண்டது. பிழை இருப்பதை நிறுவும் சான்றுகளோ எதிர்த்தரப்பின் கையில் இருந்தன. முறைமையில் குறைகள் இருந்ததை 2019 டிசெம்பரில் லண்டன் உயர் நீதிமன்றம் உறுதி செய்தது. பெரும்பாலான தீர்ப்புகளைத் துடைத்தெறிய 2024இல் நாடாளுமன்றம் தனிச்சட்டமே இயற்ற நேர்ந்தது.

2009இலேயே பாதிக்கப்பட்ட ஏழு பேரின் கதையை வெளியிட்டது கம்பியூட்டர் வீக்லி என்ற தொழில்துறை இதழ். பத்திரிகைத் தொழிலில் காலம் கழித்தவன் என்ற வகையில் எனக்கு அது பெருமை. ஆயினும் பெருமையோடு நின்றுவிட இயலவில்லை. மனிதரும் முறைமையும் மோதும் இடத்தை ஆராய்வதற்கென்றே ஒரு துறை இருக்கும்போது, இத்தகைய குரல்கள் முதலில் ஒலிக்கவேண்டிய இடம் அதன் மாநாட்டு மேடையல்லவா?

இயலாத காரியத்தை நான் கேட்கவில்லை. ஒஸ்லோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1990களில் தென்னாபிரிக்காவில் தொடங்கிய சுகாதாரத் தகவல் முயற்சி, பல நாட்டு வைத்தியத் துறையினரோடு கூடியிருந்து வளர்ந்தது. அதிலிருந்து பிறந்த திறந்த மென்பொருளைக் கொண்டு, 2020இன் தொடக்கத்தில் கொவிட் பரவத் தொடங்கியபோது, இலங்கையின் சுகாதாரத் துறையினர் நாட்டுக்குள் வரும் பயணிகளைப் பதிவுசெய்து கண்காணிக்கும் வசதியை விரைந்து உருவாக்கினர். பின்னர் வேறு நாடுகளும் அதனை எடுத்தாண்டன. அதே ஒஸ்லோ ஆய்வாளர்கள் தம் அனுபவத்தைத் துறையின் முதன்மை ஆய்விதழிலும் எழுதியிருக்கிறார்கள். களத்தில் நின்றதால் அவர்களின் புலமை குறைந்துவிடவில்லை.

ஆய்வின் கண்டிப்புக்கும் நடைமுறைப் பயனுக்கும் இடையிலான இழுபறி இத்துறைக்குப் பழகிய விவாதம். ஆனால் அங்கு பயன் என்று பேசப்படுவது பெரும்பாலும் முகாமையாளரின் பயனே. கருமபீடத்தின் இப்புறம் நிற்பவரும், அப்புறம் அமர்ந்து கணினியின் சொல்லுக்குப் பொறுப்பேற்க நேர்பவரும் அக்கணக்கில் அரிதாகவே வருகின்றனர். இன்று கடன் தருவதா, மானியம் தருவதா என்பதைக்கூடக் கணினியின் கணிப்பிடம் ஒப்படைக்கும் காலம் வந்துவிட்டது. கணினி தவறும்போது பதில் சொல்வது யார், தவறை மெய்ப்பிக்கும் சுமை யாருடையது என்ற கேள்விகளுக்கு ஒவ்வோராண்டு மாநாட்டிலும் ஓர் அமர்வையேனும் ஒதுக்கட்டும். அந்த அமர்வில் பாதிக்கப்பட்டவர் ஒருவரும் பேச இடமிருக்கட்டும்.