கேஸ் குக்கர் பெட்டிக்குள் இருக்கும் புத்தகம் யாருக்காக?

நல்லதண்ணி, மஸ்கெலியாப் பக்கத்து உறவுகளே, இது கொஞ்சம் நீண்ட பதிவு. வாசித்துவிட்டுத் திட்டுவதானால் தாராளமாகத் திட்டுங்கள். வாசிக்காமல் லைக் மட்டும் போடாதீர்கள்.

எங்கள் பாடசாலைப் பிள்ளைகளின் வீடுகளில் விறகடுப்பை விட்டு கேஸுக்கு மாறுகிறவர்கள் கூடிக்கொண்டு வருகிறார்கள். கொழுந்து பறித்துவிட்டு வந்து, அட்டைக்கடியோடும் குளவிப் பயத்தோடும் விறகு பொறுக்கிய அம்மாமாருக்கு இது பெரிய விடுதலை. அதில் எங்களுக்கு மாற்றுக் கருத்தே இல்லை. எங்கள் கேள்வி வேறு. வாழ்க்கையில் முதல் தரம் கேஸைத் தொடுகிற ஒரு பெண்ணுக்கு, பெட்டிக்குள் கிடக்கும் அந்தப் புத்தகம் என்ன சொல்லித் தருகிறது?

நாங்கள் ஆசிரியர்கள் நாலைந்து பேர் ஒரு புது குக்கரின் புத்தகத்தை எடுத்துவைத்து, கேஸ் பாவித்தே இராத இரண்டு அம்மாமாரிடம் கொடுத்தோம். வெறும் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் பக்கத்தில் வைத்தோம். "புத்தகத்தைப் பார்த்து மாட்டுங்க, நாங்க வாய் திறக்க மாட்டோம்" என்றோம். முன்பக்கம் முழுக்க ஆங்கிலமும் சீனமும். தமிழ் கடைசியில், எறும்பு ஊர்ந்த மாதிரி அரைப்பக்கம். இரண்டாவது வரியிலேயே இருவரும் நின்றுவிட்டார்கள். அங்கே "சீராக்கியை வால்வின் மீது நிலைநிறுத்தி ஆளியைத் திருப்புக" என்று இருந்தது. விஞ்ஞானப் புத்தகம் படித்த எங்களுக்குச் சீராக்கியும் தெரியும், ஆளியும் தெரியும். லயத்தில் ரெகுலேட்டரை யாரய்யா சீராக்கி என்கிறார்கள்? "ஆள் யாரையும் திருப்பணுமா சேர்?" என்று ஒரு அம்மா கேட்டார். சிரித்தோம், ஆனால் சிரிக்கிற விசயமா இது?

படம் இருக்கிறது. ஆனால் படத்திலுள்ள ரெகுலேட்டர் வேறு சாதி, கையிலுள்ளது வேறு சாதி. அம்புக்குறியில் 1, 2, 3 என்று போட்டிருக்கிறார்கள். அந்த இலக்கங்களுக்கு விளக்கம் ஆங்கிலப் பக்கத்தில் மட்டும்.

கல்வியியற் கல்லூரியில் எங்களுக்கு முதலில் சொல்லித் தந்த சங்கதி, தெரிந்ததிலிருந்து தெரியாததற்குப் போ என்பதுதான். தரம் 3 பிள்ளைக்குக் கழித்தல் சொல்லிக்கொடுக்கும்போதுகூட ஒரு நேரத்தில் ஒரு படிதான் வைப்போம். இந்தப் புத்தகத்தை எழுதியவருக்கோ வாசிக்கிறவர் ஏற்கெனவே ஒரு குக்கர் பாவித்தவர் என்ற நினைப்பு. கேஸ் தெரிந்தவருக்குப் புத்தகம் தேவையில்லை, தெரியாதவருக்கு இந்தப் புத்தகம் விளங்காது. அப்படியென்றால் இதை அச்சடித்ததே சட்டத்துக்குக் கணக்குக் காட்டத்தானே?

மொழியைச் சரிசெய்தால் மட்டும் போதாது. "காற்றோட்டமான இடத்தில் பாவிக்கவும்" என்று ஒரு வரி இருக்கிறது. 10க்கு 12 அடி லயக் காம்பராவில், பனிக்குளிரில் ஜன்னலை அடைத்துச் சாக்கும் சொருகி வைத்திருக்கிற வீட்டில், காற்றோட்டம் என்றால் எது? கேஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு தரையாகத் தங்கும், கீழே பாய் விரித்துப் படுக்கிறவருக்கு ஆபத்து என்று ஒரு வரி எழுதினால் காசு கூடுமா? அடைத்த அறையில் நெருப்பு சரியாக எரியாவிட்டால் காபன் மொனொக்சைட் வரும், அதற்கு மணமே கிடையாது, தலையிடி வந்தால் முதலில் வெளியே போங்கள் என்று யார் சொல்வது? கேஸ் மணம் வந்தால் லைட் சுவிட்சைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம், கதவைத் திற என்பதுதான் முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் வரவேண்டும். நாங்கள் பார்த்த புத்தகத்தில் அது பதினோராவது குறிப்பு. உத்தரவாத நிபந்தனைகளுக்கும் பிறகு!

எங்கள் மலைக்கே உரிய இன்னொரு விசயம் இருக்கிறது. சிலிண்டருக்குள் இருப்பது புரொப்பேனும் பியூட்டேனும் கலந்தது. பியூட்டேன் ஏறக்குறைய 0 பாகைக்குக் கீழே போனால் ஆவியாகாமல் நின்றுவிடும். புரொப்பேன் மைனஸ் 42 வரை தாங்கும். நல்லதண்ணியில் அந்தளவு குளிர் இல்லைதான். ஆனால் பெரிய நெருப்பில் மணிக்கணக்காக எரிக்கும்போது சிலிண்டர் தானாகவே இன்னும் குளிர்ந்துபோகும், நெருப்புச் சோர்ந்துவிடும். சீசன் கடைகளில் விடிய விடியத் தேத்தண்ணி ஊற்றுகிறவர்களுக்கு இது தெரியும். கேஸ் முடிந்துவிட்டதென்று நினைத்துச் சிலிண்டரைச் சரித்து வைக்கிறார்கள், உலுக்குகிறார்கள், சிலர் சுடுதண்ணியும் ஊற்றுகிறார்கள். சரித்தால் திரவம் ரெகுலேட்டருக்குள் வரும். சூடாக்கினால் உள்ளே அமுக்கம் ஏறும். இதைப் பற்றி எந்தப் புத்தகத்திலும் ஒரு வரியை நாங்கள் காணவில்லை.

2021 நவம்பர், டிசம்பரை மறந்துவிட்டோமா? நாடு முழுக்க வீடு வீடாகக் கேஸ் வெடிப்பும் தீயும். மொரட்டுவைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஷாந்த வல்பொலகே தலைமையில் ஜனாதிபதி குழு போட்டார். கேஸ் கலவையின் விகிதம் மாறியதுதான் முக்கிய காரணம் என்று அந்தக் குழு சொன்னது. அந்த நாட்களில் சவர்க்காரத் தண்ணி பூசிக் கசிவு பார்க்க நாடே கற்றுக்கொண்டது எப்படி? டிவியையும் வட்ஸ்அப்பையும் பார்த்து. பெட்டிக்குள்ளிருந்த புத்தகத்தைப் பார்த்து அல்ல.

"தமிழில் போட்டால் மட்டும் இவர்கள் வாசித்துவிடுவார்களா?" என்று ஒரு கடைக்காரர் எங்களிடம் கேட்டார். வாசிக்கிற மாதிரி எழுதிப் பாருங்கள், பிறகு கேளுங்கள். தோட்டத்து மருந்துப் போத்தலில் மும்மொழியும் இருக்கிறது, எவ்வளவு நஞ்சு என்று காட்டும் நிறப்பட்டியும் இருக்கிறது. 1980ஆம் ஆண்டின் பூச்சிகொல்லிச் சட்டம் கேட்டது, கம்பெனிகள் செய்தன. ஐக்கியா என்ற சுவீடன் கம்பெனி பெரும்பாலும் சொல்லே இல்லாமல் படத்தாலேயே அலுமாரி பூட்டச் சொல்லித்தருகிறது. தமிழ் 1987இல் 13ஆவது திருத்தத்தோடு அரசியலமைப்பில் அரச கரும மொழியாகிவிட்டது. குக்கர் பெட்டிக்குள் மட்டும் அது இன்னும் வந்து சேரவில்லை.

எங்கள் முஸ்லிம் வியாபாரச் சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை, கோபிக்க வேண்டாம். ஈரமான தானியத்தைக் காய்ந்ததற்கு அடியில் மறைத்த வியாபாரியின் சம்பவத்தை ஜும்ஆ பயானில் எத்தனை தரம் கேட்டிருப்போம்? கேஸே தெரியாத ஒரு அம்மாவிடம் பெட்டியை ஒட்டிக் கொடுத்து, "எல்லாம் புத்தகத்தில இருக்கு" என்று அனுப்புவது அதிலிருந்து எவ்வளவு தூரம்? ஐந்து நிமிடம் போதும். ரெகுலேட்டரை மாட்டிக் கழற்றிக் காட்டுங்கள், அவர் கையாலேயே ஒரு தரம் மாட்டவையுங்கள். குழாயில் அச்சடித்திருக்கும் ஆண்டைக் காட்டுங்கள். பழைய குழாயைப் புது குக்கரோடு தள்ளிவிடாதீர்கள்.

வாங்குகிறவர்களுக்கு: புத்தகம் விளங்காவிட்டால் கடையிலேயே சொல்லுங்கள், வெட்கம் வேண்டாம். கேட்டும் காட்டித்தராவிட்டால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் இலக்கம் 1977. தமிழில் பேசுங்கள்.

நாங்கள் லயத்துத் தமிழில் ஒரே ஒரு பக்கம் எழுதிக்கொண்டிருக்கிறோம். ரெகுலேட்டருக்கு ரெகுலேட்டர் என்றே போட்டிருக்கிறோம். எழுதி முடிந்ததும் மறுபடி அதே இரண்டு அம்மாமாரிடம்தான் கொடுப்போம்; அவர்கள் நிற்கிற இடத்தைத் திருத்துவோம். டிசம்பர் போயாவுக்குச் சீசன் தொடங்கும் முன்னால் பிரதி எடுத்துக் கடைகளில் வைக்க வேண்டும். போட்டோ கொப்பி செலவைப் பொறுப்பேற்கக்கூடிய கடைக்காரர்கள் இன்பொக்ஸில் வாருங்கள்.